போன் மறக்காத வைஃபைகள்: சேமித்த பட்டியலை நம் கைக்குள் கொண்டுவருவது எப்படி

டேட்டா தாராளமாக இருக்கிறது, கல்லடிப் பக்கம் நடந்துகொண்டே வாட்ஸ்அப்பில் பேசுகிறீர்கள், நாலு கடை தாண்டுவதற்குள் குரல் விட்டுவிட்டு வந்து அப்படியே அறுந்துபோகிறது. எடுத்துப் பார்த்தால் டேட்டா குறி இருக்க வேண்டிய இடத்தில் வைஃபை குறி, அதுவும் ஒரே ஒரு கோட்டோடு. எப்போதோ ஒருக்கா சாப்பிடப் போய் பாஸ்வேர்ட் கேட்டு வாங்கிய கடையின் வைஃபை அது. போனில் வைரஸ் ஏறிவிட்டது என்று திருத்துகிற கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள், சிம் கம்பனிக்கு அழைத்து ஏசுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லாத வேலை. உங்கள் போனுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது, அது வருடக்கணக்காக வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது, அதை ஒருநாளும் யாரும் திறந்து பார்க்கவில்லை. தொல்லையின் வேர் அங்கேதான்.

ஒரு வைஃபையில் முதல் தடவை இணையும்போது போன் அதைப் பற்றி முக்கியமாக மூன்று விஷயத்தைப் பதிந்துகொள்கிறது: அதன் பெயர், அதன் பாதுகாப்பு வகை, நீங்கள் கொடுத்த பாஸ்வேர்ட். அதன் பிறகு போன் சும்மா இருக்கிற நேரமெல்லாம் சுற்றுவட்டாரத்தைத் துழாவும். ரவுட்டர்களும் தங்கள் பெயரைப் பொதுவாக ஒரு விநாடிக்குப் பத்துத் தடவை அளவில் காற்றில் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. கேட்ட பெயர் பட்டியலில் இருந்தால், பாதுகாப்பு வகையும் பொருந்தினால், போன் உங்களைக் கேட்காமலே பாஸ்வேர்டைக் கொடுத்து இணைந்துவிடும். அது யாருடைய கடை, எந்த ஊர், நீங்கள் அங்கே திரும்பப் போக நினைக்கிறீர்களா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. பெயர் பொருந்தினால் போதும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற எல்லாத் தொல்லையும் ஏன் வருகிறது என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

பெயர் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. வைஃபை பெயருக்கு 32 பைட் வரைதான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்றால், தமிழில் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் மூன்று பைட் போகும், புள்ளியும் உகரக் குறியும்கூடத் தனித்தனியாக மூன்று மூன்று. அதனால் "அம்பாறை" என்று உங்கள் ரவுட்டருக்குப் பெயர் வைக்கலாம், 21 பைட்டுக்குள் முடிந்துவிடும். "மட்டக்களப்பு" என்று வைக்க முடியாது, அது 36 பைட். ரவுட்டர் ஏற்றுக்கொள்ளாமல் போனதற்கு இதுதான் காரணம், நீங்கள் தட்டச்சில் பிழை விட்டதால் இல்லை.

பாஸ்வேர்ட் மாறினால்

எனக்குத் தெரிந்து வீடுகளில் அதிகமாகக் குழப்பம் தருவது இதுதான். வீட்டில் யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்துபோய் நெட் மெதுவாகிவிட்டது என்று. பெயர் பழையதே, பாஸ்வேர்ட் மட்டும் புதிது. உங்கள் போன் பெயரைக் கண்டதும் பழைய பாஸ்வேர்டைக் கொண்டுபோய்த் திரும்பத் திரும்பக் கொடுக்கும். சில போன்கள் புதிய பாஸ்வேர்டைக் கேட்கும். சில போன்கள் கேட்காது, "சேவ்ட்" என்று மட்டும் காட்டிவிட்டு அப்படியே நிற்கும், எத்தனை தடவை தட்டினாலும் இணையாது. அம்மாவின் போன் மட்டும் வேலை செய்யவில்லை என்று அதை முழுதாக அழித்துப் புதிதாக்கி, படங்களையும் தொலைபேசி இலக்கங்களையும் இழந்த கதைகள் எங்கள் பக்கம் நிறைய. செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை: அந்தப் பெயரை அழுத்திப் பிடித்தோ, பக்கத்தில் இருக்கிற சக்கரக் குறியைத் தட்டியோ "ஃபர்கெட்" கொடுங்கள், பிறகு புதிதாக இணைவது மாதிரி அதே பெயரைத் தட்டிப் புதிய பாஸ்வேர்டை அடியுங்கள். முடிந்தது.

இதையே தலைகீழாகப் பயன்படுத்தினால் பெரிய வேலை மிச்சமாகும். சிம் போட்ட 4ஜி ரவுட்டரில் இருந்து ஃபைபர் இணைப்புக்கு மாறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய ரவுட்டர் தனக்கென்று ஒரு பெயரோடும் பாஸ்வேர்டோடும் வரும். அதை அப்படியே விட்டால் வீட்டிலுள்ள ஒவ்வொரு போனையும், டிவியையும், கேட்டில் பூட்டிய கேமராவையும் ஒவ்வொன்றாக எடுத்து மாற்ற வேண்டும். அதற்குப் பதிலாக, புதிய ரவுட்டரின் அமைப்புக்குள் போய் பழைய ரவுட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுத்துவிடுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்துகூட மாறக் கூடாது. பாதுகாப்பு வகையும் பழையதே இருக்கட்டும், பெரும்பாலும் டபிள்யூபிஏ2 என்று இருக்கும். பழைய ரவுட்டரை அணைத்ததும் எல்லாம் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் போனுக்குத் தெரிந்தது பெயர் மட்டும்தான், பெட்டி மாறியது அதற்குத் தெரியாது. புதிய ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வந்திருந்தால் கவனம், அது 2018-இல் வந்த முறை, பழைய போன்களும் கேமராக்களும் அதில் ஏறாது. இரண்டும் கலந்த தெரிவு ஒன்று இருக்கும், அதை எடுங்கள்.

விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருப்பது

இணைந்த வைஃபையைப் போன் இலேசில் கைவிடாது. சிக்னல் நன்றாகக் கீழே இறங்கும்வரை பிடித்துக்கொண்டே இருக்கும், பக்கத்தில் நல்ல சிக்னலோடு இன்னொன்று இருந்தாலும். தட்டுப் போட்ட மாடி வீடுகளில் இது நன்றாகத் தெரியும். இப்போது வருகிற ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசையில் வேலை செய்கின்றன, 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, கொங்கிரீட் தட்டைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். நிறைய வீடுகளில் இந்த இரண்டும் இரண்டு பெயரில் ஓடும், நாம் இரண்டிலும் ஒருக்கா இணைந்திருப்போம், இரண்டும் பட்டியலில் ஏறியிருக்கும். கிணற்றடிக்குப் போகும்போது போன் 2.4-க்கு மாறும், திரும்ப ரவுட்டருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் அதிலேயே இருக்கும். என் அபிப்பிராயம், இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் வைத்துவிடுங்கள், எது நல்லது என்று போனே பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் இரண்டு ரவுட்டர் இருந்தாலும் இதே வழிதான். ஆனால் ஒரே பெயர் வைத்து வெவ்வேறு பாஸ்வேர்ட் மட்டும் வைத்துவிடாதீர்கள். போன் இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஒன்றின் பாஸ்வேர்டை மற்றதில் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு வகைப் பிடிவாதம், நெட்டே இல்லாத வைஃபையைப் பிடித்துக்கொண்டிருப்பது. கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் உடனே எழும்பிப் பெயரை அறிவிக்கத் தொடங்கிவிடும், ஆனால் இணைய இணைப்பு வரக் கொஞ்ச நேரம் செல்லும். 4ஜி ரவுட்டர் என்றால் பக்கேஜ் முடிந்த பிறகும் வைஃபை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். போனுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, இணைந்ததும் ஒரு சின்னப் பக்கத்தைத் திறந்து பார்க்கும், கிடைக்காவிட்டால் ஆண்ட்ராய்டில் வைஃபை குறியோடு ஆச்சரியக்குறி ஒன்று தெரியும், இதிலேயே இருக்கட்டுமா என்றும் சில தடவை கேட்கும். அங்கே "திரும்பக் கேட்காதே" என்ற கட்டத்தைப் பார்க்காமல் தட்டிவிட்டால் அந்தப் பதிலையும் போன் அந்தப் பெயரோடு சேர்த்துப் பதிந்துவிடும். பிறகு நெட் இல்லாத நேரத்திலும் சத்தமில்லாமல் அதிலேயே இருக்கும். இதற்கும் மருந்து ஃபர்கெட் கொடுத்துத் திரும்ப இணைவதுதான்.

வைஃபை பலவீனமானால் தானாக டேட்டாவுக்கு மாறுகிற வசதி ஐபோனில் வைஃபை அசிஸ்ட் என்ற பெயரில் 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் வந்தது, சாம்சங் போன்களிலும் அதேமாதிரி ஒன்று உண்டு. பேச்சு அறாமல் இருக்க நல்லது. ஆனால் மாதக் கடைசியில் ரீலோட்டை எண்ணி எண்ணிப் போடுகிறவர்கள் அதை அணைத்து வைப்பது நல்லது. வைஃபையில்தானே பார்க்கிறோம் என்று பிள்ளை வகுப்பு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கும், உள்ளே டேட்டா கரைந்துகொண்டிருக்கும்.

பட்டியல் எங்கே இருக்கிறது

ஆண்ட்ராய்டில் பொதுவாக செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் பகுதி, அதற்குள் இன்டர்நெட் அல்லது வைஃபை, கீழே இறக்கினால் "சேவ்ட் நெட்வொர்க்ஸ்". சாம்சங்கில் கனெக்ஷன்ஸ், வைஃபை, மேலே மூன்று புள்ளி, அட்வான்ஸ்ட், அதற்குள் "மேனேஜ் நெட்வொர்க்ஸ்". திறந்து பார்க்கிறவர்கள் பலரும் திகைத்துப்போவார்கள். பாசிக்குடாவில் தங்கிய இடம், கொழும்பில் நின்ற லொட்ஜ், வேலையை விட்டுப் போன அலுவலகம், எப்போதோ இறந்துபோன ஒருவரின் வீட்டு வைஃபை எல்லாம் அதில் இருக்கும். புது போன்தானே, இவ்வளவு எப்படி வந்தது என்றால், கூகுள் கணக்கில் காப்புப்பிரதி வைத்து மீட்டெடுக்கும்போது பழைய போனின் வைஃபைகளும் கூடவே வந்துவிடும்.

ஐபோன்காரர்களின் நிலை பல வருடம் மோசமாக இருந்தது. 2022 செப்டெம்பரில் ஐஓஎஸ் 16 வரும்வரை, சேமித்த வைஃபைகளின் முழுப் பட்டியலைப் போனில் பார்க்கவே முடியாது. அந்த வைஃபை பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு ஃபர்கெட் கொடுக்கலாம். அறுகம்பேயில் தங்கிய விடுதியின் வைஃபையை நீக்க வேண்டுமென்றால் ஒன்று திரும்ப அறுகம்பேக்குப் போக வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்க வேண்டும். இப்போது செட்டிங்ஸில் வைஃபைக்குள் போய் மேலே "எடிட்" தட்டி, முகத்தையோ கடவு எண்ணையோ காட்டினால் பட்டியல் முழுக்கத் தெரியும், பாஸ்வேர்டையும் பார்க்கலாம். ஒன்றை ஞாபகம் வைத்திருங்கள்: ஐகிளவுட் கீசெயின் (ஒரே ஆப்பிள் கணக்கில் இருக்கிற கருவிகளுக்குள் பாஸ்வேர்டுகளைப் பகிர்கிற வசதி) போட்டிருந்தால், ஐபோனில் நீக்கியது அதே கணக்கில் இருக்கிற ஐபேடிலிருந்தும் மேக்கிலிருந்தும் நீங்கிவிடும்.

நீக்குவதா, வைத்திருப்பதா என்பதில் ஒரு நடுவழி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஐபோனில் "ஆட்டோ ஜாயின்" என்றும் சாம்சங்கில் "ஆட்டோ ரீகனெக்ட்" என்றும் மற்ற ஆண்ட்ராய்டில் "ஆட்டோ கனெக்ட்" என்றும் ஒரு பொத்தான் இருக்கும். அதை அணைத்தால் பாஸ்வேர்ட் போனில் இருக்கும், ஆனால் நீங்கள் கையால் தட்டினால்தான் இணையும். வழியில் பேச்சை அறுக்கிற கடை வைஃபைக்கு இதுதான் சரியான வைத்தியம். மாமா வீடு, ரியூசன் வகுப்பு, மாதம் ஒருமுறை போகிற இடம் எல்லாவற்றுக்கும் இதைச் செய்யுங்கள். இனிமேல் கால் வைக்கப்போவதில்லை என்ற இடங்களுக்கு மட்டும் ஃபர்கெட்.

"ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்" என்ற ஒன்றைச் சில கடைகளில் எடுத்த எடுப்பில் தட்டிவிடுகிறார்கள், காசும் வாங்குகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. அது எல்லா வைஃபையையும் பாஸ்வேர்டுகளோடு அழிக்கும், விபிஎன் அமைப்புகளையும், சிம் டேட்டா ஓடுவதற்கான ஏபிஎன் அமைப்புகளையும் அழிக்கும், ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் சோடிகளும் போகும். வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு அப்பாவுக்கு அதைச் செய்துவிட்டால் அவர் வெளிநாட்டில் இருக்கிற மகளோடு பேச முடியாமல் நாள்கணக்கில் இருப்பார். எல்லாம் செய்து பார்த்தும் முடியாத கடைசி நேரத்துக்கு உரிய வேலை அது.

வைஃபையையே அணைத்தேன், காலையில் பார்த்தால் திரும்ப இணைந்திருக்கிறது என்பது இன்னொரு முறைப்பாடு. ஐபோனில் மேலிருந்து இழுத்துத் தட்டுகிற குறி வைஃபையை முழுதாக அணைப்பதில்லை. அப்போதைக்குத் துண்டிக்கும், அவ்வளவுதான். நீங்கள் வேறு இடத்துக்கு நகர்ந்தாலோ அதிகாலை 5 மணி ஆனாலோ தானாக இணைவது திரும்பத் தொடங்கும். நிரந்தரமாக அணைக்க செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். ஆண்ட்ராய்டிலும் தெரிந்த வைஃபை பக்கத்தில் வந்தால் தானே எழும்புகிற ஒரு தெரிவு இருக்கிறது, அதையும் அணைக்கலாம்.

பாஸ்வேர்ட் இல்லாத வைஃபை

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பாஸ்வேர்ட் கேட்காத திறந்த வைஃபையில் ஒருமுறை இணைந்திருந்தால், போன் சரிபார்ப்பதற்கு அந்தப் பெயரைத் தவிர வேறெதுவும் கிடையாது. "ஃப்ரீ வைஃபை" என்று உங்கள் பட்டியலில் ஒன்று இருக்கிறதென்றால், கல்முனை பஸ் நிலையத்தில் நிற்கிற எவரும் தன் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு அதே பெயரை வைத்துப் பாஸ்வேர்டை எடுத்துவிட்டால் உங்கள் போன் தானாகப் போய் அதில் ஏறலாம். வங்கிச் செயலிகளும் பெரும்பாலான தளங்களும் இப்போது குறியாக்கத்தோடு வேலை செய்கின்றன, ஆகவே உடனே காசு போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்று பார்க்கலாம், பொய்யான உள்நுழைவுப் பக்கம் ஒன்றைக் காட்டி உங்கள் விபரங்களைக் கேட்கலாம். பட்டியலில் பூட்டுக் குறி இல்லாத பெயர் எல்லாவற்றையும் இன்றைக்கே நீக்குங்கள். தேவைப்பட்டால் திரும்ப இணைய ஒரு தட்டுத்தான், பாஸ்வேர்ட்கூட வேண்டாம்.

பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று ரவுட்டரில் அந்தத் தெரிவைப் போட்டிருக்கிறவர்களும் உண்டு. பலன் நேர்மாறானது. ரவுட்டர் பெயரைச் சொல்லாததால் உங்கள் போன்தான் போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிய வேண்டும், மாமாங்கத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுவது மாதிரி. பக்கத்தில் நிற்கிறவர் கேட்க நினைத்தால் உங்கள் வீட்டு வைஃபையின் பெயர் அவருக்குத் தெரிந்துவிடும். மறைக்காமல் விட்டு நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள், குறைந்தது 8 எழுத்து வேண்டும், 63 வரை போகலாம்.

பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இணைய மறுக்கிறதா? ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தங்கள் உண்மையான மேக் முகவரியை (ஆப்பிளின் மேக் கணினி இல்லை, ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன, நம்மைப் பின்தொடராமல் இருக்க. சில அலுவலகங்களில் மேக் முகவரியைப் பதிந்துதான் அனுமதிப்பார்கள், அங்கே இது இடிக்கும். அந்த ஒரு வைஃபையின் அமைப்பில் மட்டும் இதை அணைத்துவிட்டு மற்றதில் அப்படியே விடுங்கள்.

நண்பர்களின் ஹாட்ஸ்பாட்டும் இதே பட்டியலில்தான் இருக்கிறது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ ஒரே அறையில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும்: ஒருநாள் அவசரத்துக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்த அக்கா, அடுத்த வாரம் தன் லேப்டாப்புக்காக அதைத் திறந்தாலும் உங்கள் போன் ஓடிப்போய் ஏறி, பெரிய அப்டேட் ஒன்றை இறக்கி அவரது பக்கேஜை முடித்துவிடும். ஹாட்ஸ்பாட்டுகளுக்கு ஆட்டோ கனெக்டை அணைத்துவிடுங்கள், கூடவே அந்த வைஃபையின் விபரத்துக்குள் போய் ஆண்ட்ராய்டில் "மீட்டர்ட்" என்றும் ஐபோனில் "லோ டேட்டா மோட்" என்றும் குறித்துவிடுங்கள். பின்னணியில் இறங்குகிற பெரிய வேலைகளைப் போன் குறைத்துக்கொள்ளும்.

நீக்குவதற்கு முன்னால் பாஸ்வேர்டை இழந்துவிடுவோமோ என்று தயங்கினால், ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்திய போன்களில் அந்த வைஃபையைத் திறந்து "ஷேர்" தட்டுங்கள், கியூஆர் படம் ஒன்று வரும், பல போன்களில் அதற்குக் கீழே பாஸ்வேர்டும் எழுத்தில் தெரியும். ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு நீக்கலாம். ஐபோன் 6எஸ், 7 வைத்திருக்கிறவர்களுக்கு ஐஓஎஸ் 16 கிடைக்காது, அவற்றுக்கு 15 தான் கடைசி. அதே கணக்கில் மேக் கணினி ஒன்று இருந்து கீசெயினும் போட்டிருந்தால் அதன் வைஃபை அமைப்பில் முழுப் பட்டியல் இருக்கும், அங்கே நீக்கினால் போனிலும் போய்விடும். மேக் இல்லையென்றால், அந்தந்த இடத்தைக் கடக்கும்போது பெயர் தெரிகிற நேரத்தில் ஆட்டோ ஜாயினை அணைத்துக்கொண்டே வாருங்கள், அடிக்கடி போகிற பாதையில் இருக்கிறவைதானே தொல்லை தருகின்றன, அவை கொஞ்ச நாளில் குறைந்துவிடும்.